இலங்கை வானொலி வர்த்தக சேவை

இலங்கை வானொலி வர்த்தக சேவை என்பது கொழும்பிலிருந்து செப்டம்பர் 30, 1950 அன்று தொடங்கப்பட்ட, விளம்பர வருவாயைக் கொண்டு நடத்தப்பட்ட பன்மொழி வானொலி ஒலிபரப்பு ஆகும். ஆங்கிலம், இந்தி, தமிழ், சிங்களம் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகளை வழங்கிய இச்சேவை, 1950களிலிருந்து 1980கள் வரை இலங்கையில் மட்டுமன்றி இந்தியா முழுவதும் பெருந்தொகையான நேயர்களைக் கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இது "சிலோன் ரேடியோ" என்றே பரவலாக அறியப்பட்டது.

ஒரு நாட்டின் அரசு வானொலி கொடுக்க மறுத்த இசையை, அந்நாட்டின் சட்டம் எட்டாத இடத்திலிருந்து, விளம்பரதாரர்களின் பணத்தில், அந்நாட்டு மக்களுக்கே கொடுத்தது என்ற வகையில் இச்சேவை ஐரோப்பாவின் கடற்கொள்ளை வானொலிகளுடன் ஒப்பிடத்தக்கது. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய நிலையங்களே கடற்கொள்ளை வானொலிகள் எனப்பட்டன. அவற்றுள் ஐரோப்பாவின் முதலாவதான ரேடியோ மெர்க்கூர் 1958ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கொழும்பின் வர்த்தக சேவை அதற்கு எட்டு ஆண்டுகள் மூத்தது. ஆனால் இலங்கை வானொலி முழுமையாகச் சட்டத்துக்கு உட்பட்ட அரசு நிறுவனம் என்பதால் அதனைக் கடற்கொள்ளை வானொலி என்று அழைப்பது தவறாகும்.

தோற்றம்

இலங்கையில் வானொலிக்கு வித்திட்டவர் எட்வர்டு ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இலங்கைத் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த இவர், 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சோதனை முறையில் ஒலிபரப்பினார். இதற்கான பரப்பி, முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு தந்தித் துறையினரால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அவ்வகையில் இலங்கை வானொலியின் தொடக்கமும் ஒரு கப்பலின் கருவியில்தான் இருக்கிறது. முறையான ஒலிபரப்பு டிசம்பர் 16, 1925 அன்று தொடங்கியது. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938 இல், திருச்சிராப்பள்ளியில் 1939 இல் என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை இலங்கையில் அமைந்தது. போர்வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சீயாக் என்ற படைத்துறை வானொலி நடத்தப்பட்டது. இதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலை என்னுமிடத்தில் 100 கிலோவாட் ஆற்றல் கொண்ட சிற்றலைப் பரப்பி ஒன்று நிறுவப்பட்டது. அக்காலத்தில் ஆசியாவிலேயே மிகுந்த ஆற்றல் வாய்ந்த பரப்பிகளுள் இதுவும் ஒன்று. போர் முடிந்த பின் படைகள் திரும்பிச் சென்றன. பரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாக்கப்பட்டது.

ஒரு சிறிய தீவுக்கு இவ்வளவு பெரிய பரப்பி தேவையற்றது. மறுபுறம், அதன் பராமரிப்புச் செலவோ பெரிது. இந்நிலையில்தான் அண்டை நாட்டு நேயர்களை நோக்கி விளம்பர ஒலிபரப்பை நடத்தும் எண்ணம் செயலுக்கு வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்டு டாட் வர்த்தக சேவையின் பொறுப்பை ஏற்றார். விளம்பர வானொலி நன்கு வேரூன்றியிருந்த ஆஸ்திரேலியாவின் பட்டறிவு இவருக்குக் கைகொடுத்தது. நேயர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பதை அளந்தறிந்து நிகழ்ச்சி அமைப்பதும், இளம் அறிவிப்பாளர்களைத் தேடிப் பயிற்றுவிப்பதும் இவரது முறைகளாக இருந்தன.

இந்தியாவில் திரைப்பாடல் சிக்கல்

1952 இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் மரபிசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மேற்கத்திய இசைக்கருவிகளும் மெட்டுகளும் கலந்த திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்பது அவரது கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. ஒலிபரப்பப்படும் பாடல்கள் முன்கூட்டியே தணிக்கை செய்யப்பட்டன. பாடலை அறிவிக்கும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி, பாடகரின் பெயர் மட்டும் சொல்லப்பட்டது. இதனால் சினமுற்ற திரைப்படத் தயாரிப்பாளர்கள் தம் பாடல்களை ஒலிபரப்புவதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றனர். விளைவாக அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. அவற்றின் இடத்தை நிரப்ப வானொலி தானே மெல்லிசைப் பாடல்களை உருவாக்கத் தொடங்கியது.

கேஸ்கரின் நோக்கத்தை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது. அரசவைகளின் ஆதரவை இழந்து வாடிய மரபிசைக் கலைஞர்கள் பலருக்கு அகில இந்திய வானொலி அக்காலத்தில் வாழ்வளித்தது. எனினும் கேட்பவர் கையில் திருகு இருக்கிறது என்பதை இக்கொள்கை கணக்கில் கொள்ளவில்லை. திருகைச் சற்றே நகர்த்தினால் கொழும்பு கிடைத்தது.

கொழும்பில் இந்தித் திரைப்பாடல்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 1952 இன் இறுதியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற பற்பசை விளம்பர நிகழ்ச்சி இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் புகழ் பெற்றது. அதனைத் தொகுத்தளித்த அமீன் சயானி பம்பாயில் வாழ்ந்தவர். நிகழ்ச்சி பம்பாயிலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நாடாக்கள் வானூர்தியில் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீண்டும் இந்தியாவுக்கு ஒலிபரப்பப்பட்டது. அதாவது பாடல், அறிவிப்பாளர், விளம்பரதாரர், நேயர் ஆகிய நால்வரும் இந்தியாவில் இருந்தனர்; பரப்பி மட்டுமே வெளியே இருந்தது. பிற்கால ஐரோப்பியக் கப்பல் வானொலிகளின் அமைப்பும் இதுவேயாகும். பின்னாளில் நடிகரான சுனில் தத் முதலில் இலங்கை வானொலியின் இந்தி அறிவிப்பாளராகவே அறிமுகமானார்.

தமிழ் ஒலிபரப்பு

தமிழ் நேயர்களைப் பொறுத்தவரை வர்த்தக சேவையின் சிறப்பு பாடல்களோடு நின்றுவிடவில்லை. அகில இந்திய வானொலியின் அறிவிப்பு அளந்து பேசும் அலுவல் நடையில் இருந்தது. கொழும்பு அறிவிப்பாளர்களோ நேயரை வீட்டு விருந்தினர் போல விளித்துப் பேசினர். அதே வேளையில் அவர்களது தமிழ் கொச்சையற்றதாகவும், ல, ழ, ள வேறுபாடு பிறழாத ஒலிப்புடனும் இருந்தது. தமிழ்நாட்டில் ஈழத்து உச்சரிப்பின் மீது ஏற்பட்ட மதிப்புக்கு இவ்வொலிபரப்பும் ஒரு முக்கியக் காரணமாகும்.

முன்னோடி அறிவிப்பாளரான எஸ். பி. மயில்வாகனன் தமிழ்நாட்டில் திரைநட்சத்திரங்களுக்கு ஒப்பான புகழ் பெற்றிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுள் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். கே. எஸ். ராஜா மின்னல் வேகத்தில், ஒரு சொல்லும் சிதையாமல் பேசும் ஆற்றலால் அறியப்பட்டவர். அப்துல் ஹமீது வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு என்ற போட்டி பிற்காலத்தில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் வெற்றி பெற்றது. காலையில் பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், இசையும் கதையும் போன்ற நிகழ்ச்சிகளின் பெயர்கள் ஒரு தலைமுறையினரின் நினைவில் இன்றும் நிற்கின்றன. அஞ்சலட்டையில் ஊர்ப் பெயரோடு தம் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டு, அது கடல் கடந்து சென்று ஒலியாகத் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பது சிற்றூர்களில் வழக்கமாக இருந்தது.

ஈழத்துக் கலைஞர்களுக்கும் இச்சேவை களம் அமைத்தது. சில்லையூர் செல்வராசன் எழுதிய தணியாத தாகம் போன்ற தொடர் நாடகங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. வர்த்தக சேவையின் நகைச்சுவைத் தொடர் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு கோமாளிகள் என்ற திரைப்படம் 1976 இல் இலங்கையில் வெளிவந்தது. ஏ. இ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் தமிழ்நாட்டை எட்டியதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு.

அலைகள் எட்டிய விதம்

சிற்றலை ஒலிபரப்பில் வானொலி அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தரையிறங்குகின்றன. பகலிலும் இரவிலும் இவ்வடுக்கின் தன்மை மாறுவதால் ஒரே நிலையம் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு அலைவரிசைகளைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஒலி கூடிக் குறைந்து அலைபோல் வந்து போவதும் இதனாலேயே. கொழும்பும் புதுச்சேரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், அதாவது கிழக்கே 80 பாகைக்குச் சற்றுக் குறைவான கோட்டில் அமைந்துள்ளன. இடைத்தொலைவு ஏறக்குறைய 560 கிலோமீட்டர். வீட்டுக் கூரையில் இரு கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி ஒன்றே இதற்குப் போதுமானதாக இருந்தது.

வர்த்தக சேவை தொடங்கிய 1950 இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நவம்பர் 1, 1954 அன்றுதான் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. எனவே கேஸ்கரின் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது புதுச்சேரி நேயர்களுக்குச் சென்னை, கொழும்பு இரண்டுமே அயல்நாட்டு வானொலிகளாக இருந்தன. அவற்றுள் எது இனிது என்பதைக் காது மட்டுமே தீர்மானித்தது.

கப்பல் வானொலிகளுடன் ஒப்பீடு

மேற்கு ஐரோப்பாவில் இலங்கை வானொலிக்கு நேர் இணையாக இருந்தது லக்சம்பர்க் வானொலி. 1933 முதல் இது ஆங்கிலத்தில் விளம்பர நிகழ்ச்சிகளைப் பிரித்தானியாவுக்கு ஒலிபரப்பியது. எல்லா மக்களுக்கும் இத்தகைய வசதியான அண்டை நாடு அமைவதில்லை. அமையாத இடத்தில் கடலே அண்டை நாடாயிற்று. அக்காலத்தில் பிரித்தானியா உள்ளிட்ட பல நாடுகளின் ஆட்சிக் கடல் எல்லை மூன்று கடல் மைல்களாகவே இருந்தது. அதற்கு அப்பால், வேறொரு நாட்டின் கொடியைப் பறக்கவிட்டு நிற்கும் கப்பலில் கரையோர நாட்டின் வானொலிச் சட்டம் செல்லாது.

டென்மார்க்கின் ரேடியோ மெர்க்கூர், நெதர்லாந்தின் ரேடியோ வெரோனிக்கா (1960), சுவீடனின் ரேடியோ நோர்டு (1961) ஆகியவற்றைத் தொடர்ந்து, அயர்லாந்தைச் சேர்ந்த ரோனன் ஓராஹிலி மார்ச் 28, 1964 அன்று இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் ரேடியோ கரோலைனைத் தொடங்கினார். பழைய டேனியப் பயணிகள் கப்பல் ஒன்றில் 10 கிலோவாட் பரப்பிகள் இரண்டும், ஏறத்தாழ 50 மீட்டர் உயரமான கம்பமும் பொருத்தப்பட்டிருந்தன. அன்றைய பிபிசி இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரம், இசைக்கலைஞர் சங்கங்களுடனான உடன்படிக்கையால் மிகக் குறுகியதாக இருந்தது. பீட்டில்ஸ் காலத்து இளைஞர்களுக்கு அது போதவில்லை. இந்தியாவில் மரபிசைப் பற்றால் நேர்ந்த அதே வெற்றிடம் அங்கே தொழிற்சங்க ஒப்பந்தத்தால் நேர்ந்தது எனலாம்.

கப்பல் வானொலி கொழும்பைப் போல் பாதுகாப்பான தொழிலன்று. உணவு, எரிபொருள், நாடாக்கள் யாவும் படகில் வரவேண்டும். புயலில் நங்கூரம் அறுந்தால் கப்பல் கரைதட்டும். நியூசிலாந்தின் ரேடியோ ஹவுராக்கி 1966 முதல் 1970 வரை கடலிலிருந்து ஒலிபரப்பியது. அது கரைக்குத் திரும்பும் பயணத்தில் அறிவிப்பாளர் ஒருவர் கடலில் விழுந்து மறைந்தார். கரோலைனின் மி அமிகோ என்ற கப்பல் 1980 மார்ச்சில் புயலில் மூழ்கியது; அதிலிருந்தோர் மீட்கப்பட்டனர்.

கப்பல் வானொலிகளுள் இந்தியத் தொடர்பு உடைய ஒன்று அமைதியின் குரல் ஆகும். இதனை நிறுவிய அபி நாத்தன் ஈரானில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கு விமானியானவர். 1948 இல் இஸ்ரேலுக்குச் சென்ற இவர், அரபு-இஸ்ரேல் அமைதியை வலியுறுத்தி 1966 இல் சிறு விமானத்தில் தனியே எகிப்துக்குப் பறந்தார். பின்னர் டச்சுச் சரக்குக் கப்பல் ஒன்றை வாங்கி, 1973 முதல் மத்தியதரைக் கடலிலிருந்து இரு தரப்பு நேயர்களுக்கும் பாடல்களையும் அமைதிச் செய்திகளையும் ஒலிபரப்பினார். பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத்தைச் சந்தித்தமைக்காகச் சிறை சென்றார். ஆசுலோ உடன்பாடு கையெழுத்தான 1993ஆம் ஆண்டில், தம் கப்பலைத் தாமே கடலில் மூழ்கடித்தார்.

சட்ட நிலை

பன்னாட்டு வானொலி ஒழுங்குவிதிகள், நாடுகளின் ஆட்புலத்துக்கு வெளியே கப்பல்களிலும் வானூர்திகளிலும் ஒலிபரப்பு நிலையங்கள் இயங்குவதைத் தடை செய்கின்றன. ஆயினும் விதி இருந்தும் அதனை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அக்காலத்தில் எவருக்கும் திறந்த கடலில் இருக்கவில்லை. எனவே ஐரோப்பிய நாடுகள் வேறு வழியைத் தேர்ந்தன. 1965 இல் சுட்ராசுபர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையும், ஆகஸ்ட் 14, 1967 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்த பிரித்தானியச் சட்டமும் கப்பலைத் தொடவில்லை; கப்பலுக்குப் பணியாற்றுவதையும், பொருள் வழங்குவதையும், விளம்பரம் தருவதையும் குற்றமாக்கின. கரோலைன் தவிர ஏனைய பிரித்தானியக் கப்பல் வானொலிகள் உடனே மூடப்பட்டன. ஆறு வாரங்களுக்குப் பின் பிபிசி தனது ரேடியோ 1 சேவையைத் தொடங்கியபோது, அதன் முதல் அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன் கடற்கொள்ளைக் கப்பல்களில் பயிற்சி பெற்றவராக இருந்தார். 1982ஆம் ஆண்டின் ஐ. நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 109ஆம் உறுப்பு, இத்தகைய ஒலிபரப்பு எங்கு கேட்கிறதோ அந்த நாடும் கப்பலைக் கைப்பற்றி வழக்குத் தொடரலாம் என்றது.

இவற்றுள் எதுவும் இலங்கை வானொலிக்குப் பொருந்தாது. இறையாண்மை கொண்ட ஒரு நாடு தன் மண்ணிலிருந்து தன் பெயரிலேயே ஒலிபரப்பியதை இந்தியா தடுக்க வழியில்லை. கேட்பதையும் இந்தியா தடை செய்யவில்லை. உரிமக் கட்டணம் செலுத்திய வானொலிப் பெட்டியில் எந்த நிலையத்தையும் கேட்க முடிந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது.

உண்மையிலேயே சட்டத்துக்குப் புறம்பான வானொலியும் இந்தியாவில் இயங்கியதுண்டு. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது உஷா மேத்தா முதலியோர் ஆகஸ்ட் 1942 முதல் நவம்பர் 1942 வரை பம்பாயில் இடம் மாற்றி இடம் மாற்றி நடத்திய காங்கிரஸ் வானொலி அவற்றுள் புகழ்பெற்றது. அதற்காக அவர் சிறைத்தண்டனை அடைந்தார். போர்த்துக்கேய கோவாவின் எல்லைக் காடுகளிலிருந்து 1955 முதல் 1961 வரை வாமன் சர்தேசாய், லிபியா லோபோ ஆகியோர் விடுதலைக் குரல் என்ற மறைவு வானொலியை நடத்தினர். இவை அரசியல் வானொலிகள். பாடல்களுக்காக ஒரு கப்பலும் இந்தியக் கடலுக்கு வராததற்குக் கொழும்பு இருந்ததே காரணம் எனக் கொள்வதில் தவறில்லை.

இந்தியாவின் மறுமொழி

நேயர்களையும் விளம்பரப் பணத்தையும் இழந்த அகில இந்திய வானொலி, அக்டோபர் 3, 1957 அன்று விவித் பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சராகவே இருந்தார். நவம்பர் 1, 1967 முதல் அதில் விளம்பரங்களும் ஏற்கப்பட்டன. பிரித்தானியா ரேடியோ 1 சேவையைத் தொடங்கியதும் இதுவும் ஒரு மாத இடைவெளியில் நிகழ்ந்தவை. பின்னாளில் தூத்துக்குடியில் அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க மத்திய அலைப் பரப்பியின் வழியாக, அகில இந்திய வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் இலங்கையை எட்டின.

நலிவு

இலங்கை வானொலி 1967 இல் கூட்டுத்தாபனமாகவும், 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் பெயர் மாறியது. 1970களின் இறுதியிலிருந்து ஒலிநாடாக்களும், பின்னர் தொலைக்காட்சியும் பரவியதால் சிற்றலையின் ஈர்ப்புக் குறைந்தது. பாடலைக் கேட்கக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. பினாக்கா கீத்மாலா 1989 இல் விவித் பாரதிக்கு மாறியது.

தமிழ்ச் சேவையை வேறொரு காரணமும் தாக்கியது. 1983 ஆம் ஆண்டின் இனக்கலவரமும் அதனைத் தொடர்ந்த போரும் கொழும்புத் தமிழர்களின் வாழ்வைக் குலைத்தன. கலைஞர்களும் அறிவிப்பாளர்களும் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். அரசு வானொலியில் தமிழில் பேசுவதே ஆபத்தான பணியாயிற்று; கே. எஸ். ராஜா 1994 இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். ராஜேஸ்வரி சண்முகம் 2012 இலும் அமீன் சயானி 2024 இலும் காலமாயினர். புலம்பெயர்ந்த அறிவிப்பாளர்கள் சிலர் இலண்டன், டொராண்டோ, பாரிஸ் முதலிய நகரங்களில் தொடங்கப்பட்ட தமிழ் வானொலிகளில் பணியாற்றினர்.

வர்த்தக சேவையின் தமிழ்ப் பிரிவு பிற்காலத்தில் தென்றல் என்ற பெயரைப் பெற்றுப் பண்பலையில் இலங்கை நேயர்களுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. கூட்டுத்தாபனத்தின் கொழும்பு நூலகத்தில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த இந்தி, தமிழ் இசைத்தட்டுகளுள் இந்தியாவில் கிடைத்தற்கரியவையும் உள்ளன. கடலில் தொடங்கிய ரேடியோ கரோலைனும் 2017 இல் மத்திய அலையில் ஒலிபரப்புவதற்கான உரிமத்தைப் பிரித்தானிய அரசிடமிருந்து பெற்றது.